வீட்டுக்குள் கண்ணாடிச் சுவர்: அளவெடுத்தவரே மாட்டட்டும்

அப்பா ஹாலில் செய்திச் சேனல் வைத்தால் தெருமுனை வரை கேட்கும். ஹாலை ஒட்டி, பில்டர் வரைபடத்தில் 'டைனிங்' என்று எழுதி வைத்திருந்த பத்துக்கு எட்டு இடத்தில்தான் என் அலுவலக வேலை. நடுவில் சுவர் கிடையாது. செங்கல் வைத்து அடைத்தால் என் பக்கம் இருட்டிப் போகும், ஏனென்றால் இருக்கிற ஒரே பெரிய ஜன்னல் ஹாலில். அதனால் கண்ணாடி என்று முடிவானது. முடிவெடுக்க ஒரு சாயங்காலம் போதும். சரியான ஆளைப் பிடிக்க இரண்டரை மாதம் ஆயிற்று, நடுவில் ஒரு கண்ணாடி வீணாகவும் போயிற்று.

அது எப்படிப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் மூலமாக வந்த ஒரு இன்டீரியர் காண்டிராக்டர், அளவெடுக்க ஒரு பையனை அனுப்பினார். பையன் இடது ஓரத்தில் டேப்பை வைத்துப் பார்த்தான், செல்போனில் எழுதிக்கொண்டான், தண்ணீர் குடித்தான், போய்விட்டான். எட்டு நாள் கழித்து வேறு நான்கு பேர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். இடது பக்கக் கண்ணாடி ஒழுங்காக நின்றது. வலது பக்கம் கூரை மூன்று நூல் தாழ்ந்திருந்தது, கண்ணாடி ஏறவே இல்லை. மூன்று நூல் என்றால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "லேசா தேச்சு விட முடியாதா?" என்று கேட்டேன். வந்தவர்களில் மூத்தவர் சிரித்துவிட்டார். "சார், டஃபனுக்குப் போயிட்டு வந்த கண்ணாடிய அந்த ஆண்டவனே வந்தாலும் அரை நூல் குறைக்க முடியாது."

அளவெடுத்தது ஒருவர், ஆர்டர் போட்டது ஒருவர், மாட்ட வந்தது இன்னொருவர். மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள். பாதி நஷ்டம் என் தலையில் விழுந்தது.

டஃபன் கிளாஸ் என்பது சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கும் மேலே காய்ச்சி, இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்விப்பது. மேல்தோல் இறுகி உள்ளே இழுவிசை தங்கிவிடும். அதனால்தான் சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு அடி தாங்குகிறது. அதனால்தான் உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாக இல்லாமல் கல்கண்டு மாதிரிப் பொடியாக உதிர்கிறது. வெட்டவோ துளை போடவோ முயன்றால் மொத்தமும் கொட்டிவிடுவதும் அதே காரணத்தால்தான். கைப்பிடிக்கான துளை, கீலுக்கான வெட்டு, ஸ்விட்ச் பெட்டிக்கான மூலை எல்லாமே உலைக்குள் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆக, இந்த வேலையில் திறமை என்பது பெரும்பாலும் அளவெடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. யார் அளவெடுக்கிறாரோ அவரே மாட்ட வேண்டும், தவறினால் அவரே ஏற்க வேண்டும். இதற்குத் தலையாட்டுகிற ஆளைத் தேடுவதுதான் நம் வேலை.

எந்த மாதிரிச் சுவர், எந்த ஆள்

கண்ணாடிச் சுவர் என்று ஒரே பெயர் சொன்னாலும் செய்கிறவர்கள் வேறு வேறு தொழில்காரர்கள். நீங்கள் தெளிவில்லாமல் போன் போட்டால், எதிரே இருப்பவர் தனக்குத் தெரிந்ததையே உங்களுக்கு வேண்டியதாக ஆக்கிவிடுவார்.

துணிக்கடை, வங்கி வாசலில் பார்ப்பது போலச் சட்டமே இல்லாமல் தரையிலிருந்து கூரை வரை நிற்கும் கண்ணாடி ஒரு வகை. பெரும்பாலும் 10 அல்லது 12 மில்லிமீட்டர் தடிமன். மேலும் கீழும் யு சேனல் (கண்ணாடியின் விளிம்பு உட்காரும் யு வடிவ உலோகப் பட்டை), கதவுக்கு பேட்ச் பிட்டிங் (சட்டம் இல்லாத கண்ணாடிக் கதவை மூலையில் கவ்விப் பிடிக்கும் உலோகப் பிடி). இது டஃபன் கிளாஸ் பிட்டரின் வேலை.

இப்போது எல்லோரும் கேட்கிற, கறுப்பு நிற மெல்லிய அலுமினியச் சட்டத்துக்குள் கண்ணாடி வைத்து நகர்கிற கதவு இன்னொரு வகை. ஸ்லிம் புரொஃபைல் என்பார்கள். உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி. இது அலுமினியம் பேப்ரிகேஷன்காரர் வேலை. ஆனால் ஜன்னலும் கொசுவலையும் செய்தே பழகியவர் இதைத் தொட்டால் சட்டத்தின் மூலைகள் காட்டிக்கொடுத்துவிடும். நாற்பத்தைந்து டிகிரியில் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் நகம் நுழைந்தால் ஆளை மாற்றுங்கள்.

மூன்றாவது மரச்சட்டம். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல்களைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். ஆசாரி செய்வார். கண்ணாடி உடைந்தாலும் அதைப் பிடித்திருக்கும் மெல்லிய பீடிங் கட்டையைக் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. ஒரு எச்சரிக்கை: நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆசாரி பக்கத்துக் கடையில் சாதாரணக் கண்ணாடியை வெட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஆள் நடமாடும் இடத்தில் முழங்கால் உயரம் வரை இறங்கி வரும் எந்தக் கண்ணாடியும் டஃபனாகவோ லேமினேட்டடாகவோ (நடுவில் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி) இருக்க வேண்டும் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

கண்ணாடிச் செங்கல் வேண்டுமென்றால் கொத்தனார். அது வேறு கதை.

நான் எடுத்தது முதல் வகை. கீழே சொல்வதில் பெரும்பகுதி அதைப் பற்றியது. மற்ற வகைகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஆளைக் கூப்பிடும் முன்

இருக்கிற சுவரை இடித்துவிட்டுக் கண்ணாடி வைக்கப் போகிறீர்களா? அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடிக்காரரை அல்ல, கட்டடப் பொறியாளரை. பழைய தனிவீடுகளில் சுவர்தான் தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். "இது சும்மா பார்ட்டிஷன் சுவர்தான் சார், தட்டிடலாம்" என்று கண்ணாடிக்காரர் சொல்வதை நம்பி யாரும் சம்மட்டி எடுக்க வேண்டாம். அடுக்குமாடி என்றால் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். எந்த நாளில் துளை போடுவீர்கள், எத்தனை மணிக்குள் முடிப்பீர்கள் என்று எழுதினால் கீழ்வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வராது.

அடுத்தது எடை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு இரண்டரை கிலோ. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மூன்றடிக்கு எட்டடிக் கதவு 10 மில்லிமீட்டரில் சுமார் 56 கிலோ, 12 மில்லிமீட்டரில் சுமார் 67 கிலோ. நகரும் கதவாக இருந்தால் பெரும்பாலும் இந்த எடை முழுவதும் மேலிருந்து தொங்கும். உங்கள் வீட்டில் ஃபால்ஸ் சீலிங் இருந்தால், அந்த ஜிப்சம் பலகையும் அதைப் பிடித்திருக்கிற தகரச் சட்டமும் இதைத் தாங்காது. பலகையைத் திறந்து மேலே உள்ள கான்கிரீட் வரை போய் ஆங்கர் போல்ட் அடிக்க வேண்டும், அல்லது கான்கிரீட்டிலிருந்து இரும்புச் சட்டம் இறக்க வேண்டும். சீலிங் வேலை நடக்கும்போதே இதைச் செய்துவிட்டால் செலவு சொற்பம். பிறகு செய்தால் சீலிங்காரரையும் பெயின்டரையும் மறுபடி கூப்பிட வேண்டும்.

தரையையும் பாருங்கள். இரண்டு பக்கமும் திறக்கும் கதவுக்கு ஃப்ளோர் ஸ்பிரிங், அதாவது கதவைத் தானாக மூட வைக்கும் பெட்டி, வைப்பது பழைய வழக்கம். அதற்குத் தரையில் பள்ளம் வெட்ட வேண்டும். அடுக்குமாடியில் டைல்ஸுக்கு அடியில் வயர் போகிறதா, குழாய் போகிறதா என்று தெரியாமல் வெட்டுவது சூதாட்டம். இப்போது கதவின் அடியிலேயே ஹைட்ராலிக் அடக்கிய பேட்ச் பிட்டிங் கிடைக்கிறது, பள்ளம் தேவையில்லை. விலை கூடுதல்தான். நான் அதையே எடுத்தேன்.

கடைசியாக லிப்டையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டடிக் கண்ணாடி பல லிப்டுகளில் நிற்காது. கண்ணாடியை எத்தனை பாகமாகப் பிரிப்பது என்பதை முடிவு செய்வது சில வீடுகளில் அழகு அல்ல, படிக்கட்டு.

எங்கே தேடுவது

இணையத்தில் ஒரு முறை நம்பரைப் போட்டுத் தேடினேன். அரை மணியில் பதினொரு அழைப்பு. அதில் ஒன்பது பேர் இடத்தைப் பார்க்காமலேயே சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொன்னார்கள். இடத்தைப் பார்க்காமல் சொல்லும் விலைக்கு அர்த்தமே இல்லை.

பலன் கொடுத்தது இரண்டு வழிகள். ஒன்று, வாட்ச்மேன். எங்கள் குடியிருப்பிலும் பக்கத்துக் குடியிருப்பிலும் எந்த வீட்டுக்கு யார் கண்ணாடி தூக்கிக்கொண்டு போனார்கள், யார் ஒரே நாளில் முடித்தார்கள், யார் வீட்டில் சண்டை நடந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொன்ன பெயரில் ஒன்றுதான் கடைசியில் அமைந்தது.

இரண்டாவது, கண்ணாடிக் கடை. சென்னையில் பார்க் டவுன் தேவராஜ முதலி தெரு மாதிரி கண்ணாடி விற்கும் இடங்களுக்குப் போய், "உங்களிடம் மாசம் தவறாமல் டஃபன் ஆர்டர் போடுகிற பிட்டர் யார்?" என்று கேளுங்கள். "நல்ல பிட்டர் யார்?" என்று கேட்டால் கடைக்காரர் தன் மைத்துனரைச் சொல்லலாம். மாசம் தவறாமல் ஆர்டர் போடுகிறவர் என்றால் அவருக்கு வேலை வந்துகொண்டே இருக்கிறது, கடையில் கணக்கும் நேர் என்று பொருள். வேறு ஊர்களிலும் இதே கேள்வி செல்லும்.

இங்கே புதியவர்கள் குழம்புகிற ஒரு விஷயம். "செயின்ட் கோபெய்ன் போடறோம் சார்" என்பார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணாடி வார்க்கும் நிறுவனம், தமிழ்நாட்டில் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் வார்த்த கண்ணாடியின் பெயரை. அதை அளவுக்கு வெட்டி, துளை போட்டு, காய்ச்சி டஃபன் ஆக்குவது வேறொரு ஆலையாக இருக்கலாம். மூலக் கண்ணாடி யாருடையது, டஃபன் செய்தது யார் என்று இரண்டு பெயரையும் கேட்டு வாங்குங்கள்.

ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரங்களில் நல்ல பிட்டர் யாரும் கையில் சிக்க மாட்டார்கள். கிரகப்பிரவேசம் வைத்திருப்பவர்கள் அவர்களை வளைத்துப் போட்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வரவழைத்துப் பேசுவது

மூன்று பேரை வரச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம், தலை சுற்றும். வந்தவர் முதலில் எதைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். எனக்கு அமைந்தவர் உள்ளே வந்ததும் டேப்பை எடுக்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு ஃபால்ஸ் சீலிங்கை விரல் கணுவால் தட்டினார். "இதுக்கு மேல பீம் எங்க போகுதுண்ணே?" என்று கேட்டார். அப்பா எந்தப் பக்கம் எழுந்து நடப்பார், குழந்தைகள் உண்டா, ஏசி எந்தப் பக்கம் என்று கேட்டார். கண்ணாடியின் விலையைப் பற்றிப் பேசியது கடைசியில்.

நீங்கள் கேட்க வேண்டியவை சில. அளவெடுப்பது யார், மாட்டும் நாளில் அவர் இருப்பாரா? அளவு தவறினால் புதுக் கண்ணாடி யார் செலவு? இதைக் கேட்டதும் "அதெல்லாம் தவறாது சார்" என்றால் அது பதில் இல்லை. "என் தப்புன்னா என் காசு, நீங்க நடுவுல டிசைனை மாத்தினா உங்க காசு" என்று ஒருவர் சொன்னார். அதுதான் பதில்.

இன்னொரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: "கடைசியா உங்க கையில எந்தக் கண்ணாடி உடைஞ்சது?" உடையவே இல்லை என்பவர் ஒன்று புதியவர் அல்லது பொய் சொல்கிறவர். எங்கள் ஆள் உடனே சொன்னார்: ஒரு அலுவலகத்தில் சுவரில் சாய்த்து வைக்கும்போது கீழ் மூலை கிரானைட் தரையில் டக்கென்று பட்டது, மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. டஃபன் கண்ணாடியின் நடுவில் குத்தினாலும் தாங்கும், மூலையில் கல்லில் பட்டால் போச்சு. அன்றிலிருந்து வண்டியிலேயே நான்கு மரக்கட்டையும் ரப்பர் துண்டுகளும் வைத்திருக்கிறாராம்.

அவர் செய்த பழைய வேலை ஒன்றைப் பார்க்க வேண்டும். போன வாரம் முடித்ததைக் காட்டுவார், அது வேண்டாம். ஒரு வருடமாவது ஆனதைக் கேளுங்கள். அங்கே போனால் கதவுக்கும் பக்கத்துக் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே விரிந்து கீழே ஒட்டினால் கதவு தொங்கிவிட்டது. தரையில் வில் போலக் கீறல் இருக்கிறதா, சந்தை அடைக்கும் சிலிக்கான் பசை மஞ்சளித்து உரிந்து வருகிறதா, கைப்பிடி ஆடுகிறதா? அந்த வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வேலை முடிந்த பிறகு கூப்பிட்டால் வந்தாரா?

கொட்டேஷனைப் படிப்பது

'கிளாஸ் பார்ட்டிஷன், இத்தனை சதுர அடி, இவ்வளவு ரூபாய்' என்று ஒற்றை வரியில் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்று பேரை ஒப்பிட வேண்டுமென்றால் மூன்று பேரும் ஒரே பொருளுக்கு விலை சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடியின் வகை, தடிமன், இரண்டு கம்பெனிப் பெயர்கள், ஓரம் பாலிஷ், துளைக்கு எவ்வளவு, வெட்டுக்கு எவ்வளவு, ஹார்டுவேர் எந்தக் கம்பெனி எந்த மாடல், வண்டி வாடகை, மாடிக்கு ஏற்றும் கூலி, மாட்டும் கூலி, ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும்.

சதுர அடிக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. கண்ணாடிக்கு உண்மையான அளவில் பில் போடுவதில்லை. பல இடங்களில் அடுத்த மூன்று அங்குலத்துக்கு ஏற்றிப் போடுவார்கள், சிலர் ஆறு அங்குலத்துக்கு. உங்கள் கண்ணாடி 37 அங்குல அகலம், 92 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அது 23.6 சதுர அடி. மூன்று அங்குலக் கணக்கில் 39-க்கு 93 ஆகி 25.2 சதுர அடி. ஆறு அங்குலக் கணக்கில் 42-க்கு 96 ஆகி 28 சதுர அடி. ஒரே கண்ணாடிக்கு நாலரை சதுர அடி வித்தியாசம். ஏமாற்று என்று இதைச் சொல்ல முடியாது, தொழில் வழக்கம். ஆனால் சதுர அடி விலை குறைவாகச் சொன்னவர் ஆறு அங்குலக் கணக்குக்காரராக இருந்தால் மொத்தத்தில் அவரே அதிகமாக வாங்கிவிடுவார். கணக்கு எது என்று கேட்டுவிட்டால், முடிந்த இடத்தில் அகலத்தை 37-லிருந்து 36-ஆகத் திட்டமிட்டுக் காசு மிச்சமும் செய்யலாம்.

ஹார்டுவேரில்தான் திருட்டுத்தனம் நடக்கும். கண்ணாடியைக் கெடுப்பது கடினம், கீலைக் கெடுப்பது சுலபம். டோர்மா, ஓசோன் என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள், சீல் உடையாத அட்டைப் பெட்டியோடு வரட்டும். கைப்பிடியும் சேனலும் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பார்கள். காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டவில்லை, அசல்தான் என்று நம்பாதீர்கள். மட்டமான 202-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. இதற்கென்று ஒரு சொட்டு மருந்தும் சின்ன பேட்டரியும் கடைகளில் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டுப் பேட்டரியைத் தொடவைத்தால் 202-இல் சிவப்பாகத் திரும்பும், 304-இல் திரும்பாது. நான் கேட்டபோது கடைப்பையன் உற்சாகமாக மூன்று கைப்பிடிகளில் செய்து காட்டினான். மூன்றில் ஒன்று சிவந்தது, பெட்டி மேல் 304 என்று அச்சிட்டிருந்தும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடமென்றால் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

டஃபனா லேமினேட்டடா என்ற கேள்வியும் இங்கே வரும். லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் உதிராமல் படலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், சத்தத்தையும் கொஞ்சம் கூடுதலாகத் தடுக்கும். டஃபன் கண்ணாடி எப்போதாவது, யாரும் தொடாமலே, தானாக வெடிப்பதுண்டு. உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்பைடு துணுக்கு காலப்போக்கில் பருப்பதுதான் வழக்கமான காரணம். ஹீட் சோக் என்று ஒரு சோதனை இருக்கிறது. சுமார் 290 டிகிரியில் சூடேற்றி வைத்து, அப்படி வெடிக்கக்கூடியவற்றை ஆலையிலேயே வெடிக்க விட்டுவிடுவது. அபாயம் முழுக்கப் போகாது, ஆனால் நன்றாகக் குறையும். கட்டிலுக்கோ தொட்டிலுக்கோ பக்கத்தில் வரும் கண்ணாடி என்றால் நான் லேமினேட்டட்தான் போடுவேன். நடைவழிக்கு டஃபன் போதும் என்பது என் கட்சி.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. கதவுக்கு அடியில் சந்து இருக்கும்வரை எவ்வளவு தடியான கண்ணாடியும் செய்தி வாசிப்பாளரை முழுக்க நிறுத்தாது. அப்பாவின் சேனல் இப்போது முணுமுணுப்பாகக் கேட்கிறது. அதற்கே நான் நன்றியோடு இருக்கிறேன்.

அளவெடுக்கும் நாள்

டைல்ஸ், பட்டி, முதல் கோட் பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகே இந்த நாள் வர வேண்டும். எலக்ட்ரீஷியன் வேலையும் முடிந்திருக்கட்டும். "தோராயமா இப்பவே எடுத்துட்டு ஆர்டர் போட்டுடலாம்" என்று யார் அவசரப்படுத்தினாலும் மசியாதீர்கள். பட்டி இரண்டு கோட் ஏறினாலே ஒரு நூல் போய்விடும்.

அன்று நீங்கள் வீட்டில் இருங்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உயரமும் இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் திறப்பு சதுரமாக இல்லை, கண்ணாடியைச் சரிவாக வெட்டச் சொல்ல வேண்டும் அல்லது சேனலுக்குள் அந்த வித்தியாசத்தை மறைக்க வேண்டும். ரசமட்டம் அல்லது லேசர் வைத்துத் தரையின் வாட்டம் பார்க்க வேண்டும், தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நேராக நிற்கிறதா என்றும். எங்கள் வீட்டில் வலது சுவர் எட்டடி உயரத்தில் இரண்டு நூல் சாய்ந்திருந்தது. பத்து வருடமாகக் குடியிருக்கிறோம், யாருக்கும் தெரியாது.

பலர் கோட்டை விடும் இடம் ஸ்கர்ட்டிங். சுவரின் அடியில் ஓடும் அந்த நாலங்குல டைல்ஸ் பட்டை சுவரைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கண்ணாடி சுவரைத் தொடும் இடத்தில் அதை வெட்டி எடுப்பதா, கண்ணாடியில் மூலை வெட்டுவதா என்பதை அன்றே முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று மிதியடி. கதவுக்கு அடியில் எவ்வளவு சந்து விடுவது என்று பிட்டர் கேட்டபோது என் மனைவி வாசலில் கிடந்த மிதியடியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை அமுக்கிப் பார்த்து, "இதுக்கு மேல கதவு போகாதும்மா, மெல்லிசா ஒண்ணு வாங்கிக்கங்க" என்றார். சந்தைப் பெரிதாக்கினால் ஏசிக் காற்றும் சத்தமும் வெளியே போகும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் படம் போட்டு, ஒவ்வொரு கண்ணாடிக்கும் அளவு, துளைகள் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும், கைப்பிடி எவ்வளவு உயரத்தில் என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைக்குப் போகிற ஆர்டர் தாளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டையும் ஒத்துப் பார்த்தபோது ஒரு இடத்தில் 91¼ என்பது 91¾ ஆகியிருந்தது. உலைக்குப் போகும் முன் பிடித்ததால் பிழைத்தோம்.

மாட்டும் நாள்

கண்ணாடி வந்ததும் மாட்ட விடாதீர்கள், முதலில் பாருங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் அழியாத முத்திரை இருக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2553. ஐஎஸ்ஐ குறியும் உரிம எண்ணும் இருந்தால் இந்தியத் தரநிலை அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டு உரிமம் யார் பெயரில் என்று பார்த்துவிடலாம். சந்தேகம் தீரவில்லையா, போலராய்ஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். டஃபன் கண்ணாடியில் சிறுத்தைப் புள்ளி மாதிரி மங்கலான திட்டுகள் தெரியும். சாதாரணக் கண்ணாடியில் தெரியாது. ஓரங்களில் சில்லு பெயர்ந்திருந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், திருப்பி அனுப்புங்கள்.

வந்தவர்களிடம் கண்ணாடியை ஒட்டிப் பிடித்துத் தூக்கும் வேக்கம் கப்பும் கையுறையும் இருக்கிறதா? செருப்போடு வந்தால் ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்வதில் தவறில்லை, ஐம்பது அறுபது கிலோ அவர்கள் காலுக்கு மேலே நிற்கப் போகிறது. கீழ்ச் சேனலுக்குள் கண்ணாடி நேரடியாக உலோகத்தில் உட்காரக் கூடாது, அடியில் ரப்பரோ அதற்கென்ற பேக்கிங் கட்டையோ இருக்க வேண்டும். இதைக் குனிந்து உங்கள் கண்ணால் பாருங்கள், சிலிக்கான் அடித்துவிட்டால் பிறகு தெரியாது.

சிலிக்கானைப் பிதுக்கும்போது வினிகர் வாடை வந்தால் அது அமில வகை. மார்பிள் பக்கத்திலும் லேமினேட்டட் கண்ணாடியின் ஓரத்திலும் அது ஆகாது, நியூட்ரல் வகை கேளுங்கள். முடிந்த பின் ஒரு நாள் கதவைத் தொடாமல் விடச் சொல்வார்கள். அதைக் கேளுங்கள். நாங்கள் கதவில் 'தொடாதே' என்று எழுதி ஒட்டினோம், அப்பா அதைப் படிப்பதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண் உயரத்தில் ஃபிராஸ்டட் ஸ்டிக்கர் பட்டை ஒன்றும், குழந்தைகள் உயரத்தில் இன்னொன்றும் அன்றே ஒட்டிவிடுங்கள். சுத்தமான கண்ணாடியில் மூக்கு இடித்துக்கொள்ளாத குடும்பம் கிடையாது.

பணம்

முன்பணம் பாதி கேட்டால் நியாயம்தான். உங்கள் அளவுக்கு வெட்டிய கண்ணாடியை அவர் வேறு யாருக்கும் விற்க முடியாது. கண்ணாடி வந்து இறங்கியதும் ஒரு பங்கு, மாட்டி முடித்ததும் ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவிகிதத்தைப் பதினைந்து நாள் கழித்துத் தருவதாக ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். கதவு தொங்குவதாக இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். வண்டியில் உடைந்தால், படியில் உடைந்தால், மாட்டும்போது உடைந்தால் யார் பொறுப்பு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டால் இதில் எதுவும் நகராது. நான் முதல் ஆளிடம் பில் வாங்கவில்லை. பாதி நஷ்டத்தோடு தப்பியதே பெரிய விஷயம்.

அந்த வீணான கண்ணாடி இன்னும் எங்கள் கார் பார்க்கிங் மூலையில் சாக்கு சுற்றி நிற்கிறது. 36 அங்குலத்துக்கு 93 அங்குலம், 10 மில்லிமீட்டர், கைப்பிடிக்கு இரண்டு துளையோடு. வெட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அதே அளவில் வாசல் வைத்திருக்கிற யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.